முதல் வரி யாருக்கு?

(ஏனாத்தூரில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



விமான டிக்கெட் விற்கும் கணினித் துறையில் இருப்பவன் நான். அங்கே பழைய கம்பெனியும் புதிய கம்பெனியும் மோதும் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன்.

நம்ம காந்தி ரோடு பட்டுக் கடையில், கடைக்காரர் முதலில் விரிக்கிற நாலு புடவையில்தான் கண் நிற்கும். டிக்கெட்டும் அப்படித்தான். 1960-களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், ஐ.பி.எம்.முடன் சேர்ந்து 'சேபர்' என்ற முன்பதிவு முறையைக் கொண்டுவந்தது. 1976-ல் அது ஏஜெண்டுகளின் மேசைக்கு வந்தது. திரையில் முதல் வரியில் யார் விமானம்? சொந்த விமானம்தான்! மற்றவர்கள் முறையிட, 1984-ல் அமெரிக்க அரசு விதி போட்டுத் தடுத்தது. 1987-ல் ஐரோப்பிய விமான நிறுவனங்கள் சில கூடி 'அமேடியஸ்' தொடங்கின.

இந்தப் பெரியவர்களை அசைப்பது ஏன் கஷ்டம்? ஒவ்வொரு முன்பதிவுக்கும் விமான நிறுவனம் கட்டணம் தருகிறது. அதில் ஒரு பங்கு ஊக்கத்தொகையாக ஏஜெண்டுக்குப் போகிறது. ஆகவே ஏஜெண்ட் மாறமாட்டார். அவர் மாறாதவரை விமான நிறுவனமும் விலக முடியாது.

நம் நாட்டில் 2003-ல் பறக்கத் தொடங்கிய ஏர் டெக்கான் வேறு வழி பார்த்தது. இன்டர்நெட்டில் விற்றது, பெட்ரோல் பங்கிலும் விற்றது! 'சூரரைப் போற்று' பார்த்தவர்களுக்கு கேப்டன் கோபிநாத்தை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

இன்னொரு வழக்கு. ஃபேர்லாஜிக்ஸ் என்ற சின்னக் கம்பெனி, விமான நிறுவனம் தன் இருக்கை, கட்டண விவரங்களை நேரடியாக ஏஜெண்டுக்குக் கொடுக்க மென்பொருள் செய்தது. 2000-லேயே தனி நிறுவனமாகிவிட்ட சேபர், 2018-ல் அதை 36 கோடி டாலருக்கு வாங்க வந்தது. அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. சின்னக் கம்பெனி இருப்பதால்தான் விமான நிறுவனங்களால் பேரம் பேச முடிகிறது என்பது அரசின் வாதம். 2020 ஏப்ரலில் அமெரிக்க நீதிமன்றம் சேபர் பக்கம் தீர்ப்பளித்தது. அதே மாதம் பிரிட்டனின் போட்டி ஆணையம் தடை போட்டது. மே மாதம் பேரம் கைவிடப்பட்டது.

மாணவச் செல்வங்களே, பெரிய கம்பெனியில் சேருங்கள், தப்பே இல்லை. சொந்தமாகத் தொடங்கினாலும் சந்தோஷம். ஆனால் மென்பொருள் நன்றாக இருந்தால் தானாக விற்றுவிடும் என்று மட்டும் நம்பாதீங்க. அது யார் மேசை வழியாகப் போகிறது, அந்த மேசைக்காரருக்கு யார் பணம் தருகிறார்கள் என்று முதல் நாளே விசாரியுங்கள்.