அவுரி கற்பித்த பாடம்



அவலூர்பேட்டையில் ஓய்வுற்று வாழும் நான், சென்ற தை மாதம் என் பழைய மாணவனொருவனின் சாயப்பட்டறைக்குச் சென்றிருந்தேன். இரசாயனத்தில் தேறாதவன் அவன். “மந்தபுத்தி” என்று அவனது தேர்ச்சி அட்டையில் எழுதிய கை என்னுடையதே.

தாழியிலே அவுரி நீலக்கட்டி, சுண்ணாம்பு, வேகவைத்த தகரை விதை ஆகியவற்றை இட்டுப் பல நாள் புளிக்க வைத்திருந்தான். துணியை நானே தோய்த்தெடுத்தேன், அது பசுமஞ்சளாயிருந்தது. “கெட்டுவிட்டதோ?” என்றேன்.

“பொறுங்கள், ஐயா, காற்றுப் படட்டும்” என்றான்.

கண்ணெதிரே அது நீலமாயிற்று! புளிப்பு, நீலத்தைச் சுண்ணாம்பு நீரில் கரையச் செய்கிறது. காற்றிலுள்ள பிராணவாயு அதை மீண்டும் நீலமாக்கி இழையிலே பதிக்கிறது. ஜப்பானியரும் வேறொரு செடியின் இலையைப் புளிக்கவைத்து இம்முறையையே கையாளுகின்றனர்.

1897ஆம் ஆண்டு ஜெர்மானியரின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தபின் அவுரி வேளாண்மை நலிந்தது. ஆயினும் திண்டிவனம் வட்டாரத்தில் அது இன்றும் விளைகிறது.

ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிய பாடத்தை அன்றுதான் நான் கண்ணால் கண்டேன். “அட்டையில் எழுதியது பிழை, தம்பி” என்றேன்.

அவன் முறுவலித்தான். “நிறம் ஆழ்ந்து பிடிக்க இன்னும் பலமுறை தோய்க்கவேண்டும், ஐயா” என்றான்.

மீண்டும் தோய்த்தேன்.