கல்நெஞ்சக்காரியின் அன்பு
நடுவர் அவர்களே! அன்பு இருப்பது உபசரிப்பில்தான் என்கிறது எதிரணி. ஐயா, மாரடைப்பு வந்தபோது என் எடை 92 கிலோ. ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பினேன். பார்க்க வந்த சொந்தமெல்லாம் "இளைச்சுட்டீங்களே!" என்று மைசூர்பாகை நீட்டியது. (சிரிப்பு) என் மனைவி இஞ்ச் டேப்பை நீட்டினாள்! ஆணுக்கு வயிற்றுச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாதாம். உப்பு, நாளுக்கு 5 கிராமுக்குள். மாத்திரை தவறவிடவில்லை. டாக்டர் சொன்ன அளவுக்கு நடக்க வைத்தாள், கூடவே நடந்தாள். ஒருநாள் வடையைப் பிடுங்கியபோது, "கல்நெஞ்சக்காரி!" என்று கத்தினேன். "என் நெஞ்சு கல்லாவே இருக்கட்டும், உங்க நெஞ்சு துடிச்சா போதும்" என்றாள். ஒரு வருஷத்தில் 10 கிலோ குறைந்தது. மைசூர்பாகு தந்தவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் இன்று இந்த மேடையில் நான் நிற்பது, தட்டைப் பிடுங்கியவளின் அன்பால்! (கைதட்டல்)