ஒலிவாங்கியைக் கையில் எடுத்த நீச்சல் வீராங்கனை
(சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஒரு வைத்தியரை மேடையேற்றினால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். இன்று நான் பேச வந்தது ஒரு விளையாட்டு அறிவிப்பாளரைப் பற்றி.

நான் ஆண்டு 10இல் படித்தபோது, இல்ல மெய்வல்லுநர் போட்டியன்று அறிவிப்புச் செய்பவர் வரப் பிந்திவிட்டார். விளையாட்டுக்குப் பொறுப்பான ரீச்சர் ஒலிவாங்கியை என்னிடம் தந்து, "பிள்ளை, கண்ணுக்குத் தெரியிறதைச் சொல்லு" என்றார். அஞ்சலோட்டத்தை நடுங்கிய குரலில் அறிவித்தேன். எங்கள் மைதானத்தில் அதுவரை ஆண்குரலையே கேட்டிருந்தோம். அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. "இனிப் படிப்பைப் பார்" என்றார்கள் வீட்டில். நானும் மறுக்கவில்லை. ஒலிவாங்கியோடு வலைப்பந்தும் போயிற்று.

மருத்துவ பீடத்தில் படித்த காலத்தில்தான் டொனா டி வரோனாவைப் பற்றி வாசித்தேன். 1947இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். 13 வயதில், 1960 ரோம் ஒலிம்பிக்கிற்கு அமெரிக்க நீச்சல் அணியில் போனார். 1964இல் டோக்கியோவில் இரண்டு தங்கப் பதக்கங்கள். ஒன்று, நான்கு நீச்சல் முறைகளிலும் மாறி மாறி நீந்த வேண்டிய 400 மீற்றர் போட்டியில். பெண்களுக்கு அந்தப் போட்டி ஒலிம்பிக்கில் நடந்தது அதுவே முதல் முறை.

அப்போது அவருக்கு வயது 17. அத்துடன் நீச்சல் முடிந்தது. அதே ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்ற டொன் ஷொலண்டர் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து அதன் அணிக்காகத் தொடர்ந்து நீந்தினார். யேல் தன் இளமாணிப் படிப்புக்குப் பெண்களைச் சேர்த்ததே 1969இல்தான். மற்றப் பல்கலைக்கழகங்களிலும் நீச்சல் வீராங்கனைகளுக்குப் புலமைப்பரிசில் இருக்கவில்லை. அவரிடம் திறமை இருந்தது, நீந்தத்தான் இடமில்லை.

1965இல் அவர் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் நீச்சற் போட்டி வர்ணனைக்கு வந்தார். அமெரிக்காவின் தேசியத் தொலைக்காட்சியில் விளையாட்டை வர்ணித்த முன்னோடிப் பெண்களில் முதலாவதாகச் சொல்லப்படுபவர் அவரே. நம் நாட்டில் தொலைக்காட்சி 1979இல்தான் தொடங்கியது என்பதை நினைத்தால் அந்தக் காலம் எவ்வளவு முந்தியது என்று விளங்கும். அணி சேர்ந்து நடத்தும் அந்தத் தொழிலில் அவர் பக்கத்தில் இன்னொரு பெண் இல்லை.

எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் அதற்குப் பிறகு நடந்தது. தனக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது என்று அவர் இருந்துவிடவில்லை. கல்வி நிலையங்களில் பெண்களுக்குச் சம வாய்ப்பு வேண்டும் என்ற 'ஒன்பதாம் தலைப்பு'ச் சட்டம் 1972இல் வந்தது. அதைப் பலவீனப்படுத்தும் முயற்சிகளுக்கு எதிராக அவர் வாஷிங்டனில் வாதாடினார். டெனிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங்குடன் சேர்ந்து பெண்கள் விளையாட்டு மன்றத்தைக் கட்டியெழுப்பி, அதன் முதல் தலைவியானார். சட்டம் வருமுன் அமெரிக்க உயர்பாடசாலைகளில் விளையாடிய மாணவிகள் சுமார் 3 இலட்சம். இன்று 30 இலட்சத்துக்கும் மேல். 1999இல் பெண்கள் உதைபந்தாட்ட உலகக் கிண்ண ஏற்பாட்டுக் குழுவுக்கும் அவரே தலைவி. இறுதிப் போட்டியைப் பார்க்க வந்தவர்கள் 90,185 பேர்.

இனி வைத்தியராக ஒரு வார்த்தை. எலும்பின் வலிமையில் பெரும்பகுதி 20 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. ஓட்டமும் பாய்ச்சலும் அதைக் கூட்டும். நாங்களோ சரியாக அந்த வயதில்தான் பிள்ளைகளை மைதானத்திலிருந்து கூட்டிக்கொண்டு போய் ரியூசனில் இருத்துகிறோம். ஐம்பது வயதுக்குப் பிறகு மணிக்கட்டு முறிந்து வரும் அம்மாமாரை நான் பார்க்கிறேன்.

போன மாதம் என் மகள் கேட்டாள்: "அம்மா, இந்த வருஷத்தோட வலைப்பந்தை விடட்டா?" இவ்வளவும் தெரிந்த நானே "சரி" என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பழக்கம் அவ்வளவு ஆழமாக எனக்குள் இருக்கிறது. "விடாதே, நேரத்தை நாங்கள் இருவரும் பார்த்துக்கொள்வோம்" என்று பிறகுதான் சொன்னேன். இன்னும் விளையாடுகிறாள். புள்ளிகளும் குறையவில்லை.

எனவே இந்த நூற்றாண்டில் சங்கத்திடம் என் வேண்டுகோள் இரண்டு. உயர்தர மாணவிகள் பயிற்சி முடிந்து பத்திரமாக வீடு போகப் பின்னேர வாகன வசதிக்கு ஒரு நிதி தொடங்குவோம். முதல் பங்கை நான் தருகிறேன். இரண்டாவதற்குப் பணமே தேவையில்லை. அடுத்த இல்ல மெய்வல்லுநர் போட்டியில், தொடக்கம் முதல் முடிவு வரை, ஒலிவாங்கி ஒரு மாணவியின் கையில் இருக்கட்டும். குரல் நடுங்கினால் நடுங்கட்டும்.