சோறு மறுக்கும் மகவு



அட்சய திருதியை நாளில் சினாலயந்தோறும் நினைவுகூரப்படும் வரலாறு யாவரும் அறிந்ததே. ஆதிபகவன் துறவு பூண்டு, ஆறு திங்கள் உண்ணாநோன்பு இருந்தபின், ஆகாரத்தின் பொருட்டு ஊர்தோறும் நடந்தார். மக்கள் பொன்னையும் மணியையும், யானையையும் குதிரையையும் கொண்டுவந்து அவர்முன் நிறுத்தினர். அவர் எதையும் ஏலாது மௌனமாகக் கடந்து சென்றார். கொடுக்க வந்தவர்களிடம் அன்புக்குக் குறைவில்லை. கொடுக்கும் முறைதான் தெரிந்திலது. அத்தினாபுரத்தில் சிரேயாம்ச குமாரன் முற்பிறவி நினைவு வரப்பெற்று, முறையறிந்து கரும்புச் சாற்றை ஏந்தி நின்றபோதே அவர் கைகுவித்து ஏற்றார். இன்றும் திகம்பர முனிவருக்கு ஆகாரதானம் செய்யும் இல்லறத்தார் தூய உணவைச் சமைத்து வாயிலில் நின்று வேண்டுகின்றனர். எவ்வளவு ஏற்பது என்பது முனிவரைப் பொறுத்தது. அவர் கையை விடுவித்துவிட்டால், இன்னும் ஒரு கவளம் என்று எவரும் திணிப்பதில்லை.

முனிவர்முன் இத்துணைப் பொறுமையோடு நிற்கும் அதே இல்லத்தில், ஏழு மாதக் குழந்தைக்குச் சோறூட்டும் காட்சி வேறாக இருக்கிறது. நீட்டிய கால்களின்மேல் மகவு மல்லாந்து கிடக்கிறது. பாட்டி கைகளைப் பிடித்துக்கொள்ள, அத்தை கன்னத்தை அழுத்த, தாய் கஞ்சியைக் கரண்டியால் சரிக்கிறாள். கைப்பேசியில் ஒரு பாட்டு ஓடுகிறது. கிண்ணம் ஒருவாறு காலியாகிறது. "பால் ஒன்றே போதும் என்று நீ பழக்கிவிட்டாய்" என்ற சொல் மருமகளின் காதில் விழுகிறது. அழுத பிள்ளை உறங்கிவிடுகிறது, தாய்க்குத்தான் உறக்கமில்லை. இது ஏதோ ஒரு வீட்டின் கதையன்று.

சினசேனாசாரியார் ஒன்பதாம் நூற்றாண்டில் இயற்றிய ஆதிபுராணத்தில், கருவுற்றது முதல் செய்யவேண்டிய 53 கிரியைகள் கூறப்பட்டுள்ளன. அவற்றில் அன்னப்பிராசனம் பத்தாவது. அதற்கு முந்தியது நிஷத்யை. அதாவது குழந்தையை இருக்கையில் அமர்த்தும் சடங்கு. முதலில் அமர்தல், பிறகு அன்னம் என்பது அவ்வரிசை. இக்கால மருத்துவர் தேடும் அடையாளமும் அதுவே. தலை நிமிர்ந்து நிற்கவேண்டும். சிறு துணையோடேனும் உட்காரவேண்டும். பிறர் உண்ணும்போது கண் அக்கையைத் தொடர்ந்து செல்லவேண்டும். இவை பெரும்பாலும் ஆறு மாத அளவில் கூடிவருகின்றன. உலகச் சுகாதார நிறுவனமும் ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும் என்றும், அதன்பின் இணை உணவு தொடங்கவேண்டும் என்றும் கூறுகிறது. நான்காம் மாதத்திலேயே தொடங்கிவிட்டு, மகவு மறுக்கிறது என்று வருந்துவதில் பயனில்லை.

மறுப்பு என்று எண்ணப்படுவதில் ஒரு பகுதி மறுப்பே அன்று. நாவில் திடப்பொருள் பட்டால் அதை வெளியே தள்ளுவது பச்சிளங் குழந்தைக்கு இயல்பான அனிச்சைச் செயல். நான்கு முதல் ஆறு மாதங்களில் அது படிப்படியாக மறையும். சில பிள்ளைகளிடம் சற்று நீடிக்கும். உமிழ்ந்த கஞ்சியைத் தாடையிலிருந்து வழித்து மீண்டும் ஊட்டலாம்; அதில் கோபிக்க ஒன்றுமில்லை. புதிய சுவையை ஏற்கக் குழந்தைக்கு எட்டுப் பத்து முறையேனும் வாய்ப்புத் தரவேண்டியிருக்கும். மூன்றாம் நாளே "இவனுக்குப் பருப்பு பிடிக்கவில்லை" என்று தீர்ப்பு எழுதிவிடுவது பெரியோர் செய்யும் அவசரம்.

அளவைப் பற்றிய அச்சம் இன்னொன்று. ஆறு முதல் எட்டு மாதம் வரையுள்ள தாய்ப்பால் குழந்தைக்கு இணை உணவிலிருந்து நாளொன்றுக்கு வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 200 கலோரியே. ஒன்பது முதல் பதினொரு மாதம் வரை 300. ஓராண்டு கடந்தபின்பே 550. தொடக்கத்தில் ஒரு வேளைக்கு இரண்டு மூன்று கரண்டி போதும். எட்டாம் மாத முடிவில் 250 மில்லி கிண்ணத்தில் பாதியை எட்டினால் அது நிறைவான அளவு. ஆனால் அந்தச் சிறு வயிற்றில் நீர்க் கஞ்சி நிரம்பிவிட்டால் சத்துக்கு இடமிராது. சாய்த்த கரண்டியிலிருந்து ஒழுகிவிடாத கெட்டியே சரியான பதம். கஞ்சியை நீர்க்கக் கரைத்துச் சங்கில் புகட்டும் வழக்கம் இங்கேதான் பிழைபடுகிறது. குழந்தையின் வயிறு நிறைகிறது, எடை ஏறுவதில்லை. எப்போதும் மைபோல் அரைத்ததையே கொடுப்பதும் தகாது. ஒன்பது மாதத்திற்குள் மசித்த சோற்றின் சிறு கட்டிகள் நாவுக்குப் பழகவேண்டும். பழகாத பிள்ளை பிற்பாடு எதையும் மெல்ல மறுக்கக்கூடும்.

எல்லன் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலார் ஒரு பங்கீட்டைச் சொன்னார். எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பது பெற்றோர் கடமை. உண்பதா, எவ்வளவு உண்பது என்பது குழந்தையின் உரிமை. ஆகாரதானத்தின் முறை அறிந்தோர்க்கு இது புதிதாகத் தோன்றாது. குழந்தையை நேராக அமர்த்தி, எதிரே அமர்ந்து, கரண்டியை உதட்டருகே நிறுத்திக் காத்திருக்கவேண்டும். வாய் திறந்தால் ஊட்டலாம். முகம் திருப்பினாலோ, உதட்டை இறுக்கினாலோ, கரண்டியைத் தட்டினாலோ அவ்வேளை முடிந்தது என்று கொள்ளலாம். சிறிது கையில் எடுத்துப் பிசைந்து பார்க்கட்டும். தரை அழுக்கானால் துடைத்துக்கொள்ளலாம். மல்லாத்தியும், மூக்கைப் பிடித்தும் ஊட்டுவது கொடுமை மட்டுமன்று. உணவு மூச்சுக்குழலில் இறங்கினால் உயிருக்கே இடர். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே விழுங்கும் பிள்ளையோ தன் பசியையும் நிறைவையும் தானே அறிய வழியில்லாமல் போகிறது.

சமணர் இல்லங்களின் உணவொழுக்கம் இதற்குத் தடையா என்று இளந்தாய்மார் கேட்பதுண்டு. பெரும்பாலும் தடையில்லை. கேரட்டையும் உருளைக்கிழங்கையும் மசித்துக் கொடுக்கச் சொல்லும் குறிப்புகளைக் கண்டு கலங்கவேண்டியதில்லை. கிழங்கு விலக்கும் வீட்டில் பரங்கிக்காய், பப்பாளி, மாம்பழம், முருங்கைக்கீரை ஆகியவை கேரட்டைப் போலவே வைட்டமின் ஏ சத்தைத் தரும். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது என்பது மருத்துவர் விதி. போட்டுலிசம் என்னும் கொடிய நரம்பு நோய்க்குரிய வித்துகள் தேனில் இருக்கக்கூடும். மதுவை விலக்கிய மரபில் வந்தோர்க்கு இவ்விதி எளிது. இருப்பினும் அண்டை வீட்டாரைப் பார்த்து நாவில் தேன் தடவும் பழக்கம் சில இல்லங்களில் நுழைந்திருக்கிறது. அதை விட்டொழிப்பதே நன்று. இரவுண்ணாமையும் இடையூறன்று. இரண்டு மூன்று வேளைச் சோற்றைக் கதிரவன் மறைவதற்குள் முடித்துவிடலாம். இரவில் தாய்ப்பால் வேண்டி அழும் மகவுக்கு எந்த நோன்பும் இல்லை.

எனினும் இரண்டு சத்துகளில் புலால் உண்ணா இல்லத்தார் தனிக் கவனம் செலுத்தியே ஆகவேண்டும். முதலாவது இரும்பு. பிறக்கும்போது உடலில் சேமித்து வந்த இரும்பு ஆறு மாத அளவில் குறைந்துவிடுகிறது. தாய்ப்பாலில் உள்ளது அதன்பின் போதாது. இரும்பு குறைந்த குழந்தை சோர்ந்து, பசியிழந்து கிடக்கும். பசியின்மையால் உண்ணாது, உண்ணாமையால் இரும்பு மேலும் குறையும். பருப்பும் கேழ்வரகும் கீரையும் தினம் இடம்பெறவேண்டும். அவற்றோடு சில துளி எலுமிச்சைச் சாறோ தக்காளியோ சேர்ந்தால் இரும்பு உடலில் நன்கு சேரும். 6 மாதம் முதல் 5 வயது வரை, வாரம் இருமுறை 1 மில்லி இரும்பு, ஃபோலிக் அமில மருந்து கொடுக்கும் ஏற்பாடு அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் கேட்டுப் பெறலாம். ஓராண்டுக்கு முன் பசும்பாலை முதன்மை உணவாக்குவது இரும்புக் குறைவை மிகுவிக்கும்.

இரண்டாவது பி12 உயிர்ச்சத்து. இதைப் பற்றித்தான் இந்த அவை சற்று அஞ்சவேண்டும். தாவர உணவில் இச்சத்து நம்பத்தக்க அளவில் இல்லை. பாலிலும் தயிரிலும் உண்டு. தாய் பால், தயிர் அதிகம் உட்கொள்ளாமல், பல்லாண்டு நோன்புகளாலும் குறைந்த உணவாலும் தன் சேமிப்பை இழந்திருந்தால், அவள் பாலிலும் அச்சத்து குறையும். அக்குழந்தை சில மாதங்கள் கொழுகொழுவென்றே வளர்வதுண்டு. பிறகு சோற்றில் நாட்டமின்றி முகம் திருப்பும்; சிரிப்பு குறையும்; உட்கார்ந்த பிள்ளை மீண்டும் சாயும்; விரல் மூட்டுகள் கருக்கும்; சிலருக்குக் கைகளில் நடுக்கம் வரும். "சோறு பிடிக்கவில்லை" என்று வீட்டார் சொல்லும் ஒரே சொல்லுக்குள் இந்நோய் ஒளிந்திருக்கக்கூடும். காலத்தில் கண்டு மருந்து செலுத்தினால் சில நாட்களிலேயே முகம் தெளிந்து பசி திரும்பும். காலம் தாழ்ந்தால் மூளை வளர்ச்சியில் நேர்ந்த குறை முழுதும் நீங்காமலே போகலாம்.

ஆகவே மகவு சோறு மறுக்கும்போது கிண்ணத்தைப் பார்ப்பதைவிட அங்கன்வாடியில் குறிக்கும் எடை அட்டையைப் பார்ப்பது நலம். கோடு முறையாக மேலேறி, குழந்தை விளையாடி, கழிவும் இயல்பாக இருந்தால் காத்திருக்கலாம். கோடு படுத்துவிட்டாலோ, உள்ளங்கை வெளுத்தாலோ, கற்ற செயலை மறந்தாலோ, உண்ணும்போதெல்லாம் இருமி மூச்சுத் திணறினாலோ, ஒன்பது மாதம் ஆகியும் எதையுமே வாயில் ஏற்காவிட்டாலோ அந்த வாரத்திலேயே குழந்தை மருத்துவரிடம் செல்லவேண்டும். கருவுற்ற மருமகளுக்கும் பாலூட்டும் மகளுக்கும் பி12 அளவை இரத்தத்தில் பார்த்துவிடுவது அதனினும் முந்திய காப்பு. அம்மாத்திரையை எண்ணித் தயங்குவோர் உண்டு. அச்சத்து நுண்ணுயிர் நொதிப்பினால் ஆக்கப்படுவது; விலங்கின் உடலிலிருந்து எடுக்கப்படுவதன்று. விலங்கின் எலும்பு, தோலிலிருந்து வரும் ஜெலட்டின் உறையிட்ட குளிகையைத் தவிர்க்க விரும்புவோர், சாதாரண மாத்திரையாகவோ சொட்டு மருந்தாகவோ எழுதித் தருமாறு மருத்துவரைக் கேட்டுக்கொள்ளலாம்.