நம் கூட்டத்தை ஊருக்கே நேரலையில் காட்டலாமா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அடுத்த பொதுக்குழு முதல் நம் கூட்டங்களையும் விழாக்களையும் யூடியூபில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி நேரலையாக விடலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. இன்று அதை ஓட்டுக்கு விடப்போகிறோம். அதற்கு முன் நன்மை தீமைகளை வரவு செலவு மாதிரி எழுதிப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் வரவு. நம் வீடுகளில் பலவற்றின் சொந்தக்காரர்கள் துபாயிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். பராமரிப்புத் தொகை மாதம் தவறாமல் வருகிறது. அது லிஃப்டுக்குப் போனதா, மோட்டாருக்குப் போனதா என்பதை அவர்கள் பிறர் சொல்லித்தான் கேட்கிறார்கள். கண்ணால் பார்த்தால் பாதிச் சந்தேகம் தீரும். மாடி இறங்க முடியாத பெரியவர்களும் கட்டிலில் இருந்தபடியே பார்க்கலாம். தைத் திருவிழாவில் பூதலிங்கசுவாமி தேர் நகரும்போது, போனைத் தூக்கிப் பிடித்து வெளியூர்ப் பிள்ளைக்குக் காட்டாத வீடு நம் ஊரில் எத்தனை இருக்கும்?

இன்னொரு வரவு, பதிவு. 1907-இல் இந்த ஊரில் பிறந்த ஜீவா தமிழ்நாடு முழுக்க மேடை ஏறிப் பேசினார். நம்மில் அநேகர் அந்தப் பேச்சைப் பற்றிக் கேட்டிருக்கிறோம், பேச்சைக் கேட்டதில்லை. இன்றைக்கு ஒரு சாதாரணக் கூட்டம்கூட அப்படியே பதிவாகி நின்றுவிடும்.

நம்மைவிடப் பெரிய இடத்திலும் இந்த வழக்கு நடந்திருக்கிறது. விசாரணைகளை நேரலையில் காட்டவேண்டும் என்று ஸ்வப்னில் திரிபாதி என்ற சட்ட மாணவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2018 செப்டம்பர் 26-இல் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. 2022 செப்டம்பர் 27 முதல் அரசியல் சாசன அமர்வின் விசாரணைகள் நேரலையில் வருகின்றன. ஆனால் 2018 தீர்ப்பிலேயே ஒரு வேலியும் போட்டார்கள். குடும்ப வழக்கு, பாலியல் குற்ற வழக்கு போன்றவற்றைக் காட்டக்கூடாது. திறந்த நீதிமன்றத்துக்கே மூடவேண்டிய கதவு சில இருக்கிறது.

இனி செலவு. 2024 செப்டம்பர் 20-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் யூடியூப் சேனலையே யாரோ கைப்பற்றி, கிரிப்டோ நாணய விளம்பரத்தை ஓடவிட்டார்கள். 2023 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் காணொளி விசாரணைக்குள் விஷமிகள் புகுந்து ஆபாசக் காட்சியைப் போட்டதால், அந்த வசதியைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியதாயிற்று. அவர்களுக்கே இந்தக் கதி என்றால், ஒரே பாஸ்வேர்டை நாலு பேர் வைத்திருக்கும் நம் கதி என்ன?

அடுத்து, துண்டு வீடியோ. அதே உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஒருவர் விசாரணையில் சொன்ன சில வார்த்தைகள் 2024-இல் துண்டு வீடியோவாக நாடெங்கும் பரவின. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது, அவரும் வருத்தம் தெரிவித்தார். அதற்காக நேரலையை நிறுத்த வேண்டியதில்லை என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதிகாரத்தில் இருப்பவர் விஷயத்தில் அது சரி. ஆனால் சாக்கடை அடைப்பைப் பற்றிக் கோபமாக இரண்டு வார்த்தை பேசும் நம் வீட்டு அக்காவுக்கு அந்தப் பதவியும் இல்லை, சம்பளமும் இல்லை. கேமரா இருக்கிறது என்றால் அவர் பேசாமலே உட்கார்ந்துவிடுவார். பேச வேண்டியவர் வாய் மூடுவார், மற்றவர் கேமராவுக்காகப் பேசுவார்.

நம் கூட்டத்தில் என்னென்ன பேசுகிறோம் என்று யோசியுங்கள். யார் எத்தனை மாதம் பாக்கி, எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, காவலாளி எத்தனை மணிக்கு மாறுகிறார், எந்தக் கேமரா வேலை செய்யவில்லை. இதையெல்லாம் முன்பின் தெரியாதவனுக்கு நாமே வாசித்துக் காட்டுவதா?

நான் வேலை பார்த்த வங்கித் தொழிலில் இதற்கு ஒரு பழைய முறை உண்டு. வங்கியின் ஐந்தொகை பத்திரிகையில் அச்சாகும், ஊரே பார்க்கலாம். ஒரு வாடிக்கையாளரின் கணக்கைப் பக்கத்து வாடிக்கையாளருக்குக்கூடக் காட்டமாட்டோம். நிறுவனத்தின் கணக்கு திறந்திருக்க வேண்டும், தனி ஆளின் கணக்கு மூடியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் நம்பிக்கை.

இன்னொன்றும் உண்டு. துபாயில் இருப்பவருக்கு நம் முகத்தைப் பார்ப்பதா தேவை? 'இந்தச் செலவு ஏன்?' என்று கேட்பதுதான் தேவை. யூடியூபில் எழுதிக் கேட்கலாம்தான். ஆனால் பெயர் தெரியாத ஆட்களின் எழுத்துக்கு நடுவே அவர் கேள்வியை யார் தேடி எடுப்பது? 'அன்லிஸ்டட்' என்று வைத்தால் போதும் என்கிறார்கள். அந்த லிங்க் கையில் கிடைத்த எவரும் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் கைமாற எவ்வளவு நேரம் ஆகும்?

ஆகவே என் யோசனை மூன்று.

ஒன்று, பொதுக்குழுவை யூடியூபில் விட வேண்டாம். ஜூம் அல்லது கூகுள் மீட்டில் நடத்தலாம். வீட்டு எண்ணும் பெயரும் சரிபார்த்து உறுப்பினர்களை மட்டும் உள்ளே விடவேண்டும். அவர்கள் பார்க்கவும் கேட்கவும் முடியும்.

இரண்டு, வரவு செலவுக் கணக்கையும் பில் நகல்களையும் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே எல்லா உறுப்பினருக்கும் அனுப்பவேண்டும். நேரலை கேட்டவர்களின் உண்மையான குறை இதுதான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு இதையும் செய்யாமல் விட்டால், அவர்கள் சந்தேகப்படுவது நியாயமே.

மூன்று, பொங்கல், ஓணம், கிறிஸ்துமஸ் விழாக்களைத் தாராளமாக நேரலையில் காட்டலாம். பிள்ளைகள் ஆடினால் பெற்றோரிடம் முதலில் கேட்கவேண்டும். எழுத்து அரட்டையை மூடிவைக்க வேண்டும். சினிமாப் பாட்டு ஒலித்தால் பதிப்புரிமைக் காரணம் காட்டி யூடியூப் ஒளிபரப்பை நிறுத்தவும் கூடும், கவனம் தேவை. சேனலின் சாவி இருவரிடம் மட்டும், இரட்டைச் சரிபார்ப்போடு இருக்கட்டும். நேரலை வசதியை முதன்முறை இயக்க 24 மணி நேரம் வரை ஆகலாம், கடைசி நேரத்தில் ஓடாதீர்கள்.

ஒரு வருடம் இப்படி நடத்திப் பார்ப்போம். குறை இருந்தால் அடுத்த பொதுக்குழுவில் மாற்றுவோம். கேள்வி இருந்தால் இப்போதே கேளுங்கள், பிறகு கை உயர்த்துங்கள்.