ஒரு வரி பிசகினால்...

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். "லேபிள் ஒட்டுறதைப் பத்திப் பத்து நிமிஷம் பேச என்னய்யா இருக்கு?" என்று பக்கத்து நாற்காலி நண்பர் கேட்டார். இருக்கிறது. கைபேசியில் ஒரு தட்டு தட்டினால் செய்தி பறக்கும் காலம்தான் இது. ஆனாலும் நம் மூத்த மாணவர்கள் பலருக்குத் தபால்காரர் கையில் கொடுத்தால்தான் அது அழைப்பு. கவர் வரவில்லை என்றால் "தபால் தவறிப்போச்சு" என்று அவர்கள் நினைப்பதில்லை. "நம்மை மறந்துட்டாங்க" என்றுதான் நினைக்கிறார்கள்.

நம் முகவரிகள் எல்லாம் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கின்றன. எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. புரோகிராம் அந்தக் கோப்பை மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படிக்கும். ஒருவருடைய வரிகளைச் சேர்த்து, ஏ4 தாளில் வரிசைக்கு 3 வீதம் 8 வரிசை, ஆக 24 லேபிள்களில் ஒவ்வொன்றாக நிரப்பும். கோப்பு தீரும்வரை இதே வேலைதான்.

சங்கடம் எங்கே வருகிறது? கம்ப்யூட்டருக்கு முகவரி தெரியாது, வரிதான் தெரியும். "ஆளுக்கு 5 வரி" என்று சொல்லி வைத்தால், 4 வரியில் முடிந்த முகவரிக்குக் கீழே அடுத்தவர் பெயரை இழுத்துப் போட்டுக்கொள்ளும். அந்த அடுத்தவர் லேபிள் பெயரில்லாமல் தெருவிலிருந்து ஆரம்பிக்கும். அங்கிருந்து கடைசிவரை எல்லாமே தடம் புரண்டுவிடும். ஒரே ஒரு வரி பிசகினால் இத்தனை பேர் விட்டுப்போவார்கள்! ஆகவே வரியை எண்ணக் கூடாது. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே ஒரு வெற்று வரி விடுங்கள். "வெற்று வரி வரும்வரை படி" என்று சொல்லுங்கள். நாலு வரியானாலும் ஆறு வரியானாலும் கவலையில்லை.

சிலர் ஆளுக்கு ஒரே வரியாக எழுதி, நடுவில் காற்புள்ளி போட்டுப் பிரிப்பார்கள். நம்ம ஊர் முகவரியிலேயே காற்புள்ளிக்குப் பஞ்சமில்லையே! "12, வடக்குத் தெரு" என்றால் பன்னிரண்டு ஒரு கட்டத்துக்கும் தெரு அடுத்த கட்டத்துக்கும் போய்விடும். அந்தப் பகுதியை இரட்டை மேற்கோளுக்குள் வைக்கலாம். அல்லது காற்புள்ளிக்குப் பதிலாக 'டேப்' வைத்துப் பிரிக்கலாம்.

நியூஜெர்சியில் இருக்கும் நண்பர்களுக்கு இன்னொரு தொல்லை. அந்த மாநிலத்தின் அஞ்சல் எண்கள் பூஜ்யத்தில் தொடங்குபவை. எக்செல்லில் அப்படியே திறந்தால் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு முதல் பூஜ்யத்தை விழுங்கிவிடும். அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நம் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு இலக்கம், கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் தபால் நிலையத்தைக் காட்டும். ஐந்து இலக்கமோ ஏழு இலக்கமோ இருந்தால் அச்சிடாமல் தனியாக எடுத்து வை என்று புரோகிராமுக்குச் சொல்லலாம். தப்பைத் தாளில் பார்ப்பதைவிடத் திரையில் பார்ப்பது மேல்.

தமிழில் தட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. தொண்ணூறுகளில் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தோம். அந்தக் காலக் கோப்பை இன்று திறந்தால் ஏதோ மந்திரம் மாதிரித் தெரியும். தமிழக அரசு 1999இல் டாம், டாப் என்ற குறியீடுகளை அறிவித்தது. 2010இல் யுனிகோடை ஏற்றது. பழையதை மாற்றிவிட்டுத்தான் புதியதோடு சேர்க்க வேண்டும். பெயரையும் வெளிநாட்டுப் பாணியில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று உடைக்காதீர்கள். நமக்கு இருப்பது இனிஷியல்தான். ஒரே பெயரில் மூன்று பேர் உண்டு. துறையும் ஆண்டும் பார்க்காமல் "ரெண்டு தடவை வந்திருக்கு" என்று ஒருவரை அழித்துவிடாதீர்கள்.

இன்னொன்று, மனசுக்குக் கஷ்டமானது. காலமாகி நாலு வருஷமான ஒரு நண்பர் பெயருக்கு ஒரு சங்கத்திலிருந்து "திரு." போட்டு அழைப்பு போயிற்று. அவர் மனைவி என்னிடம் சொன்னார்: "அவர் பேரைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் ஒண்ணுமே ஓடலைங்க." ஆகவே ஒவ்வொருவர் பதிவிலும் 'நிலை' என்று ஒரு வரி வையுங்கள். மறைந்தவர் பதிவை அழிக்கவும் வேண்டாம். அவர் நம் மாணவர்தானே. "காலமானார்" என்று குறித்தால் லேபிள் வராது, பெயர் இருக்கும். குடும்பத்தாரை அழைப்பதானால் அவர்கள் பெயரில் தனியாக எழுதுங்கள்.

முகவரி என்பது நம்பிக் கொடுத்த பொருள். மனை விற்பவருக்கும் காப்பீட்டு முகவருக்கும் நம் கோப்பு போகக் கூடாது. தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு 2023இல் சட்டமே வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

வாசல் மேசையில் பட்டியல் வைத்திருக்கிறோம். சாப்பிடப் போகும் முன் உங்கள் பெயரைப் பாருங்கள். தப்பிருந்தால் சிவப்புப் பேனாவால் திருத்துங்கள். உங்கள் வகுப்பில் யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் அதையும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு அவரும் இங்கே உட்கார்ந்திருக்க அந்த ஒரு வரி போதும்.