குருஷேவ் வந்த சோளக்காடு: கூன் ராபிட்ஸ்

இன்னைக்கு ஒரு குட்டி ஊரைப் பத்தி பேசலாம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இருக்கிற கூன் ராபிட்ஸ். மக்கள்தொகை சுமார் 1300. சுத்தி எங்க பார்த்தாலும் மக்காச்சோளம், சோயா.

1959 செப்டம்பர் 23-ஆம் தேதி, பனிப்போர் நடந்துக்கிட்டிருந்த நேரத்துல, சோவியத் தலைவர் குருஷேவ் இந்த ஊருக்கு வந்தார். அவருக்கு இங்க என்ன வேலை?

காரணம், விதை. ராஸ்வெல் கார்ஸ்ட் என்ற விவசாயி 1930-ல் இங்கே வீரிய ஒட்டுச் சோள விதை வியாபாரம் ஆரம்பிச்சார். அது பெருமந்தக் காலம், விவசாயிங்க கையில காசு இல்ல. "விதையை இப்போ சும்மா வாங்கிக்கோங்க, கூடுதலா விளையறதுல பாதி கொடுங்க" என்பதுதான் அவர் போட்ட டீல். விளைச்சல் கூடிச்சு. ஒட்டு விதையில விளைஞ்சதை எடுத்து வெச்சு மறுபடி விதைச்சா அதே மகசூல் வராது. அதனால வருஷா வருஷம் புது விதை வாங்கணும். வியாபாரமும் வளர்ந்துச்சு.

1955-ல் கார்ஸ்ட் சோவியத் யூனியனுக்கே போய், குருஷேவை நேர்ல பார்த்து விதை வித்தார். பசியில இருக்கிற நாட்டுகிட்ட அணுகுண்டு இருந்தா எல்லாருக்கும் ஆபத்துனு அவர் நம்பினார். நாலு வருஷம் கழிச்சு குருஷேவ் இவர் பண்ணைக்கு வந்தப்போ பத்திரிகைக்காரங்க கூட்டம் அலைமோதிச்சு. கடுப்பான கார்ஸ்ட், மாட்டுக்குப் போடுற சைலேஜ் தீவனத்தை அள்ளி அவங்க மேலயே வீசினார்!

இதுவரைக்கும் ஜாலியான கதை. ஆனா குருஷேவ் அசந்து பார்த்த விஷயம் என்ன? கொஞ்சம் ஆளுங்களை மட்டும் வெச்சு இவ்வளவு விளைவிக்க முடியுதேங்கிறதுதான். ஒட்டு விதை, உரம், டிராக்டர் எல்லாம் சேர்ந்து செஞ்ச வேலை அது. அதே திறமைதான் பண்ணைகளைப் பெருசாக்கி, எண்ணிக்கையைக் குறைச்சது. அயோவாவில் 1930-களில் 2 லட்சத்துக்கும் மேல பண்ணைகள் இருந்தன. 2022 கணக்கெடுப்பில் சுமார் 87,000. பண்ணை குறைஞ்சா குடும்பம் குறையும், அப்புறம் ஸ்கூலுக்குப் பசங்க, கடைக்கு வாடிக்கையாளர்னு எல்லாமே குறையும்.

கார்ஸ்ட் குடும்பம் பின்னாடி தங்களோட நிலத்துல பெரும்பகுதியைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்குக் கொடுத்துட்டாங்க. இன்னைக்கு அங்க ஜனங்க சைக்கிள் ஓட்டவும் கேம்ப் போடவும் வர்றாங்க.

நான் எழுதுற சாஃப்ட்வேரும் பத்து பேர் வேலையை ரெண்டு பேர் செய்யறதுக்குத்தான். டெமோ முடிஞ்சதும் எல்லாரும் கைதட்டுவாங்க. மீதி எட்டு பேர் எங்க போவாங்கன்னு அந்த மீட்டிங்ல நான் ஒரு தடவைகூட கேட்டதில்ல. நீங்க கேட்டிருக்கீங்களா? சொல்லுங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம்.